பேர் கேட்காத பாய்

டீக்கடை பெஞ்சில் வடை தின்று முடித்ததும் அந்தக் காகிதத்தைக் கலீமுல்லா பாய் கசக்கிப் போடமாட்டார். தொடையில் விரித்து, நீளவாட்டில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு, மறுபடி ஒன்று. கடைசியில் உள்பக்கத்து மூலையைக் கட்டைவிரல் நகத்தால் உள்ளே தள்ளி, மேலே ஒரு தட்டுத் தட்டுவார். அப்புறம்தான் அது குப்பைக் கூடைக்குப் போகும். பஸ் டிக்கெட், கரண்ட் பில், கைக்குட்டை, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் அவர் கையில் கொஞ்ச நேரம் இருந்தால் இதே கதிதான். ஒருமுறை என்னுடைய தினசரியை இரவல் வாங்கினார். திரும்பி வந்தபோது அது சீர்வரிசைத் தட்டில் வைக்கிற லட்சணத்தில் இருந்தது. பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு உலகத்தில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் அவர் மேனேஜர். பெயர்தான் மேனேஜர், அவருக்கென்று போட்ட நாற்காலியில் அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு சின்ன பவுடர் டப்பா. பவுடர் முகத்துக்கு அல்ல. அவ்வப்போது உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துக்கொள்வார். வியர்த்த கை பட்டில் படக் கூடாது. அவரோடு கைகுலுக்கியவர்கள் கொஞ்ச நேரத்துக்குக் குளிப்பாட்டிய குழந்தை வாசனையோடு திரிவார்கள்.

பட்டுக் கடையில் விரிப்பது பெரிய காரியம் இல்லை. சித்தூரிலிருந்தோ நெல்லூரிலிருந்தோ ஒரு கல்யாணப் பார்ட்டி வேன் பிடித்து வந்து கோரைப்பாயில் உட்கார்ந்தால், அலமாரியில் பாதி தரைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் புரட்டிவிட்டு முதலில் பார்த்த புடவையையே எடுத்துக்கொண்டு போவார்கள். மிச்சத்தை மடித்து ஏற்ற வேண்டும். பட்டு சும்மா மடிகிற துணி இல்லை. ஜரிகையோடு ஜரிகை உரசக் கூடாது. பழைய கோட்டிலேயே திரும்பத் திரும்ப மடித்தால் அந்த இடத்தில் இழை விட்டுப்போகும். மற்ற கடைகளில் விற்பனைக்கு ஆள் எடுக்கும்போது வாயைப் பார்ப்பார்கள். கலீமுல்லா பாய் கையைப் பார்ப்பவர்.

"வாய் எல்லாருக்கும் இருக்குதுபா. கை பேசணும்," என்பார். கை எப்படிப் பேசும், என்ன பேசும் என்று கேட்டால் விளக்கம் வராது. "அது கத்துக்குடுத்து வர்றது இல்ல. பொறப்புல இருக்கணும்" என்று முடித்துவிடுவார்.

அவர் இந்தக் கடைக்கு வந்ததே நியாயம் கேட்டுத்தான். முதலாளி கலியாணசுந்தரத்தின் கடையில் அப்போது விற்பனை செய்தவர்கள் எல்லாரும் மாமன், மச்சான், சித்தப்பா பிள்ளை, பெரியம்மா மருமகன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புடவைக் கட்டின்மேல் தலை வைத்துத் தூங்குவார்கள். காலையில் கடையில் ஒருவரைக் கடிந்துகொண்டால் சாயங்காலம் முதலாளி வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை குறையும். வெறுத்துப்போன மனிதர், இந்தக் கடையில் யாருக்கும் மாமனாகவோ மச்சானாகவோ இல்லாத ஒரு ஆள் வேண்டும் என்று ஊரெல்லாம் தேடினார். ஒரு மொத்த வியாபாரியிடம் புடவை மடித்துக்கொண்டிருந்த கலீமுல்லா கிடைத்தார். முதலாளியின் கடையில் அவருக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்கூட இல்லை. அன்றைக்கு அது உண்மைதான்.

வந்ததும் அவர் கொண்டுவந்த முறை இன்றைக்கும் நடக்கிறது. வேலை கேட்டு வருபவர்கள் மாடிக்குப் போவார்கள். ஆளுக்கொரு நிறத்தில் ஒரு புடவை விரித்துக் கிடக்கும். மடித்து வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட வேண்டும். யார் எந்த நிறம் என்பதை முதலாளியின் மகள் புவனேஸ்வரி மட்டும் மனதில் வைத்திருப்பார். அதற்குப் பிறகுதான் பாய் மேலே வருவார். வந்தவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். பேர் கேட்கமாட்டார். தெரு, தகப்பன், படிப்பு எதுவும் வேண்டாம். வரிசையாக இருக்கும் புடவைகளுக்குள் கட்டைவிரலை விட்டுப் பார்த்து, "அரக்கு" என்பார். அல்லது "கத்திரிப்பூ" என்பார். அரக்கை மடித்தவருக்கு வேலை. "ஆளப் பாத்தா மனசு சாயும்பா. பொடவையப் பாத்தா சாயாது," என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வேலை தேடிய காலத்தில் இப்படி ஒருவர் இல்லையே என்று இருந்தது.

சிபாரிசு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. முதலாளியம்மாவின் தங்கை மகன் ஒருவன் வந்து மடித்தான், போனான். சிபாரிசு செய்து வந்த போனைப் பாய் எடுக்கவே இல்லை. "அய்யா, அந்தத் தம்பி மடிச்சது பொடவை இல்ல, பொட்டலம்," என்று முதலாளியிடம் நேராகவே சொல்லிவிட்டார். அந்த அம்மா அவரோடு பேச்சை நிறுத்தியதும் முதலாளி அதைப் பொறுத்துக்கொண்டதும் காந்தி ரோட்டில் ஒரு வரலாறு. சொந்த அண்ணனுக்கும் இதே மரியாதைதான். மகன் தன்வீருக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அண்ணன் கேட்டபோது, "வரச் சொல்லு. எல்லாரும் மாதிரி மடிக்கட்டும்" என்று வாசலோடு அனுப்பினார். தன்வீர் வந்தான், வாடாமல்லி நிறத்தை மடித்தான், ஜெயித்தான். ஆனாலும் அண்ணனுக்கு ஆற்றாமை தீரவில்லை. "கூடப் பொறந்தவன் ஒரு வார்த்த சொல்லல சார். எம்புள்ள அவன் தெறமையில உள்ள போனான்," என்று இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு பரீட்சையில் மயில்பச்சை நிறம் ஜெயித்தது. அது அவருடைய தங்கை மகன் பாசில். இன்னொன்றில் வெங்காயத்தாள் நிறம் ஜெயித்தது. அது மச்சினியின் மகள் அஞ்சும். இப்படியே ஆண்டுகள் போக, அந்தக் கடையில் இன்றைக்கு ஆறேழு பேர் ஒரே சாயல் மூக்கோடு புடவை காட்டுகிறார்கள். பாய் பார்த்தது புடவையை மட்டும்தான் என்பதற்கு முதலாளியே சாட்சி. கடைக்குள் சாச்சா, மாமு என்று உறவு சொல்லி யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. எல்லாருக்கும் அவர் சார். மத்தியானம் ஒலிமுகமது பேட்டையிலிருந்து ஒரு பெரிய டிபன் கேரியர் வரும். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத இந்த ஊழியர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, "சார், கொஞ்சம் குழம்பு ஊத்துங்க சார்" என்று சாப்பிடுவார்கள்.

அந்தக் கேரியரை அனுப்புகிறவர் பாயின் மனைவி மெஹதாப். கேரியர் மட்டும் அல்ல. பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் கண்காட்சிக்குப் போய்க் கசங்கித் திரும்பும் புடவைகள் மூட்டையாகப் பாயின் வீட்டுக்குப் போகும். மெஹதாப் கூடத்தில் கோரைப்பாய் விரித்து மறுபடி மடித்து அனுப்புவார். பல வருஷமாக நடக்கிற கைத்தொழில் இது. அண்ணன் பிள்ளைகள், தங்கை பிள்ளைகள், மச்சினி பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடம் விட்டால் நேராக அங்கேதான். டிவியைப் பார்த்துக்கொண்டே மடிப்பார்கள். மூலையை உள்ளே தள்ளுவதைக் கையே செய்யும். பாயின் தகப்பனார் ஆற்காட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக் கிடங்கில் கற்றது அந்த மூலை. அடுக்கில் மேலே வைத்த புடவை வழுக்காமல் நிற்கும் என்பது அதன் பயன். காஞ்சிபுரத்தில் வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை.

இதை நான் எழுதும்போது உங்களுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. முதலாளிக்குப் புரியவில்லை, தினம் அந்த வாசலில் டீ குடிக்கும் எனக்கும் புரியவில்லை. பாய்க்குப் புரியவே இல்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தன் வீட்டுச் சமையலின் வாசனை தன் மூக்குக்குத் தெரியாது இல்லையா, அப்படித்தான். பொய் சொல்லத் தெரிந்த மனிதராக இருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவே உட்கார்ந்திருக்கமாட்டேன்.

புரிந்துகொண்டது ஒரே ஒருத்தி. சிம்ரன்.

கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்து விடுகிறவர் ராஜவேலு. தலைப்பாகை கட்டி, வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டு, செருப்பை ஒழுங்காக அடுக்கி வைக்கிற வேலை. முழங்கால் வலிக்காரர். மனைவி இல்லை. ஓரிக்கையிலிருந்து சைக்கிளில் வருவார். அவருடைய மகள் சிம்ரன் பி.காம். படித்தவள், புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் ஒரு வாரம் விடிவதற்குமுன் வரும், ஒரு வாரம் பொழுது சாய்ந்து வரும். குழந்தை பக்கத்து வீட்டில் வளர்ந்தது.

"பக்கத்து வூட்டு அக்காவ அம்மான்னு கூப்புட ஆரம்பிச்சிட்டா சார்," என்று ராஜவேலு ஒருநாள் கதவைப் பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "எம் பொண்ணப் பாத்தா யாரோ விருந்தாளி வந்த மாதிரி கதவாண்ட போய் நிக்குது."

உள்ளூரில், பகல் நேரத்தில், கடையில் ஒரு வேலை. சிம்ரன் கேட்டது அவ்வளவுதான். இரண்டு முறை பரீட்சைக்கு வந்தாள், இரண்டு முறையும் தோற்றாள். ஜெயிக்காதவர்களின் முகத்தைப் பாய் பார்ப்பதில்லை என்பதால் அவள் வந்ததே அவருக்குத் தெரியாது. அவள் மடித்த புடவையைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தார்: "சுத்தமா இருக்குது. கை பேசல." ராஜவேலு தன் மகள் என்று ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறக்கவில்லை. நான் கேட்டதற்கு, "சிபாரிசு பண்ணா பாய் கோவிச்சுப்பாரு சார். அவரு நேர்மையான ஆளு," என்றார். அந்தக் கடையில் பாயின் சட்டத்தை முழுசாகக் கடைப்பிடித்தவர் வாசலுக்கு வெளியே நின்ற இவர் ஒருவர்தான்.

கசங்கிய புடவை மூட்டையைப் பாய் வீட்டில் சேர்ப்பதும் ராஜவேலுவின் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்கால் பாடாய்ப் படுத்தவே, மூட்டையைத் தூக்க மகளையும் கூட்டிக்கொண்டு போனார். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மெஹதாப்பும் பாயின் அண்ணன் மகள் ஆஷிஃபாவும் மடித்துக்கொண்டிருந்தார்கள். கடையிலிருந்து வந்திருந்த தன்வீரும் ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தான். சிம்ரன் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு புடவையிலும் ஒரே மூலை, ஒரே மாதிரி உள்ளே போவதைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, எனக்கும் கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா," என்று கேட்டாள்.

"இதுல இன்னாமா பெரிய வித்த இருக்குது, உக்காரு," என்று மெஹதாப் நகர்ந்து இடம் கொடுத்தார். "மூலையத் தள்ளாத வுட்டுட்டா எங்க வூட்டுக்காரருக்குச் சோறு எறங்காது. நாங்களும் பழகிக்கினோம்."

பிறகு லீவு கிடைத்த நாளெல்லாம் சிம்ரன் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தாள். பாய் கடையில் இருக்கிற நேரம் அது. பக்கத்தில் உட்கார்ந்து மடித்த ஆஷிஃபா, அவள் கை நழுவும்போதெல்லாம் திருத்திக் கொடுத்தாள். அடுத்த பரீட்சைக்குத் தானும் போகப்போவதை ஆஷிஃபா சொன்னாள். "நானும்தான் வர்றேன்," என்றாள் சிம்ரன். இடம் ஒன்றுதான். "ஒண்ணுதானா," என்று மெஹதாப் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, ரெண்டு பேரும் நல்லா மடிங்க. நான் இன்னா பண்றது," என்று டீ போட எழுந்து போனார்.

பரீட்சை நாளில் என்னைப் பாயே மேலே கூப்பிட்டுக்கொண்டு போனார். தன்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்பதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். "எழுதுபா. நம்ம முறைய நாலு கடை பாத்து கத்துக்கினா நாட்டுக்கு நல்லது," என்று படியேறும்போது சொன்னார். கோரைப்பாயில் ஐந்து புடவைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வந்தவர்கள் மொட்டைமாடியில் காத்திருந்தார்கள். புவனேஸ்வரி மேஜையோரமாக நின்றார். அலமாரிப் பக்கம் தன்வீரும் பாசிலும் அஞ்சுமும் ஏதோ அடுக்குகிற பாவனையில் இருந்தார்கள்.

பாய் பவுடரைக் கொட்டிக் கையைத் தேய்த்துக்கொண்டார். குனிந்து முதல் புடவைக்குள் கட்டைவிரலை விட்டார். எடுத்தார். இரண்டாவது, எடுத்தார். "கை பேசல," என்று முணுமுணுத்தார். மூன்றாவது மாம்பழ மஞ்சள். அதற்குள் போன கட்டைவிரல் அங்கேயே நின்றது. முகம் மலர்ந்தது. நான் மட்டும் அல்ல, அலமாரிப் பக்கம் இருந்தவர்களும் அதைப் பார்த்தார்கள். நான்காவது புடவை சுமார். ஐந்தாவது மயில்கழுத்து நிறம். ஒப்புக்காகத்தான் அதைத் தொட்டார். கட்டைவிரல் மறுபடி நின்றது.

இந்தத் தடவை முகம் மலரவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மஞ்சளையும் மயில்கழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கரையோடு கரை பார்த்தார். முந்தி மேலே வந்திருக்கும் விதம் பார்த்தார். இரண்டு மூலையையும் வெளியே எடுத்துப் பார்த்து, திரும்ப உள்ளே தள்ளினார். நிறையப் பிள்ளை பெற்ற வீட்டில் தன் குழந்தையையே வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டவர் மாதிரி இருந்தது அவருடைய குழப்பம்.

"மயில்கழுத்து," என்றார் கடைசியில். "இதுல ஒரு நிதானம் இருக்குது."

புவனேஸ்வரி மொட்டைமாடிக் கதவைத் திறந்து கூப்பிட்டார். சிம்ரன் உள்ளே வந்தாள். பாய் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் வரவில்லை.

"நீ இல்லம்மா. மயில்கழுத்து மடிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"நீயா?" பாய் புடவையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது எங்க வூட்டு மடிப்பாச்சே. உனக்கு எப்படிமா வந்துது?"

கீழே ராஜவேலு கதவைத் திறந்து "வாங்க வாங்க" என்று யாரையோ வரவேற்பதுகூடத் தெளிவாகக் காதில் விழுந்தது. தன்வீர் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

புவனேஸ்வரி மெதுவாகக் கேட்டார். "உங்க வூட்டு மடிப்புன்னு ஒண்ணு இருக்குதா பாய்? இத்தினி வருஷமா நீங்க சொல்லவே இல்லியே."

கேட்கவேண்டிய கேள்விதான். இந்தப் புவனேஸ்வரி எந்தப் புடவையை மடித்து மேனேஜிங் பார்ட்னர் ஆனார், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் கணவர் எந்த நிறத்தில் ஜெயித்தார் என்று அங்கே யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பாயைத் தெரிந்தவன் என்பதற்காக அந்தக் கடையில் எனக்குத் தள்ளுபடி உண்டு.

"அது சும்மா வாய்ல வந்துட்ச்சுமா," என்றார் பாய். அவருக்கே அது சரியாகப் படவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"மெஹதாப் ஆன்ட்டி."

"அப்ப இது காப்பியடிச்ச மாதிரி ஆச்சே, புவனாம்மா," என்று அவர் முதலாளி மகளிடம் திரும்பினார். "இன்னொரு தபா வெச்சிக்கலாமா?"

கம்பெனி பஸ்ஸும் பக்கத்து வீட்டுக் கதவருகே நிற்கும் குழந்தையும் சிம்ரன் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். பாயை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இங்க இருக்கிறவங்க எல்லாருமே ஆன்ட்டிகிட்டதான் சார் கத்துக்கினாங்க. அவங்க அடிச்சது காப்பி இல்லன்னா என்னுதும் இல்ல."

பாய் தளத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தன்வீர், பாசில், அஞ்சும் என்று ஒவ்வொரு முகமாக அவர் பார்வை போயிற்று. அவர்களை அவர் அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பது போல இருந்தது. எனக்கு அந்த மனிதர்மேல் அப்போது வந்த பரிதாபத்தை மறைக்க விரும்பவில்லை. தெரிந்தே செய்தவனாக இருந்தால் சிரித்துச் சமாளித்திருப்பான். இவர் பவுடர் அப்பிய கையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தோற்ற ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஜெயித்தவரின் கையில் அந்தப் புடவையைப் பாயே எடுத்துக் கொடுப்பதும், அவர் அதை அலமாரியில் வைப்பதும் அந்தக் கடை வழக்கம். அதுதான் வேலை உத்தரவு. எல்லாரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நெடுநேரம் கழித்து எழுந்தார். மயில்கழுத்தை இரண்டு கையாலும் தூக்கி, சிம்ரனின் கையில் வைத்தார்.

"பேரு இன்னாமா?"

இந்தக் கேள்வியை அந்த மாடியில் அவர் இதற்குமுன் கேட்டதே இல்லை. தன்வீர் அலமாரியிலிருந்து தலையை எடுத்தான்.

"சிம்ரன் சார்."

"யார் வூட்டுப் பொண்ணு?"

அவள் படிக்கட்டுப் பக்கம், கீழே கண்ணாடிக் கதவு இருக்கும் திசையை மோவாயால் காட்டினாள். பாய் எட்டிப் பார்த்தார். தலைப்பாகை தெரிந்தது. ஒரு கல்யாணப் பார்ட்டி உள்ளே வர, ராஜவேலு ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, குனிந்து யாருடைய செருப்பையோ ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் பாய்க்கும் அந்தக் கதவைத் திறந்து விடுபவர் அவர்தான்.

"ராஜவேலு பொண்ணா," என்றார் பாய். "அவன் ஒரு வார்த்த சொல்லலியே எங்கிட்ட."

"நீங்க கோவிச்சுப்பீங்கன்னு சொன்னாரு சார்," என்று சொல்லிவிட்டு சிம்ரன் புடவையை அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். வழுக்காமல் நின்றது.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. சிம்ரனை இப்போது கடையில் எல்லாரும் மயில்கழுத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வீடியோ காலில் புடவை காட்டுவது அவள் வேலை. சாயங்காலம் பால்வாடி விட்டதும் குழந்தை ராஜவேலுவின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போடுகிறது. மாம்பழ மஞ்சளை மடித்த ஆஷிஃபா, அடுத்த இடம் காலியானால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மத்தியானம் டிபன் கேரியரைச் சுற்றி உட்காருகிறவர்களில் சிம்ரனும் ஒருத்தி. பாய் அவளைப் பற்றி யாரிடமாவது சொல்லும்போது, "நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி" என்கிறார். அப்படிச் சொன்னபிறகுதான் அவருக்குக் கணக்கு நேராகிறது போலும்.

அண்ணன் மட்டும் இன்னொரு முறை கோபித்துக்கொண்டார். மகனுக்குச் சிபாரிசு செய்யாத தம்பி, மகளுக்கும் செய்யவில்லை. மெஹதாப்போடு பாய் இரண்டு நாள் பேசாமல் இருந்தாராம். "மூணாம் நாளு அவரே வந்து, இன்னும் நீ யாருக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்னு கேட்டாரு. கேட்டவங்களுக்கெல்லாம்னு சொன்னேன்," என்று மெஹதாப் சொன்னதாக ராஜவேலு எனக்குச் சொன்னார்.

நேற்று டீக்கடையில் பாயைப் பார்த்தேன். வடை தின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்தமாதிரி இருந்தது.

"நான் யாருக்கும் வேணும்னு செய்யலபா," என்றார், நான் எதுவும் கேட்காமலேயே.

"தெரியும் பாய்."

"வேணும்னு செஞ்சிருந்தா எங்க அண்ணனாவது எங்கிட்ட பேசினு இருப்பான்." வடையை விழுங்கிவிட்டு எதிரே கடை வாசலைப் பார்த்தார். ராஜவேலு யாருக்கோ கதவைத் திறந்துகொண்டிருந்தார். "கண்ண மூடிக்கினா நாயம்னு நெனச்சேன். கை எங்க போவுதுன்னு பாக்கல."

"பரீட்சை இனிமேல் உண்டா?"

"ஏன் இல்லாத? இருக்குது."

வடை முடிந்தது. காகிதத்தைத் தொடையில் விரித்தார். நீளவாட்டில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒன்று, மறுபடி ஒன்று. கட்டைவிரல் உள்பக்கத்து மூலைக்கு வந்தது. அங்கேயே நின்றது. எதிர் வாசலில் நின்ற ராஜவேலுவை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் டீ கிளாசைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது மூலை உள்ளே போயிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அவர் மறைத்துக்கொண்டிருந்தார்.